இரண்டு அறைகளின் பிள்ளை

கணினிக்குள் மரம் தலைகீழாகத்தான் வளரும்.
வேர் உச்சியில், ஒரே ஒரு சொல்: கட்டடம்.
அதன் கீழ் ஏழு தளங்கள்,
தளங்களின் கீழ் தாழ்வாரங்கள், அவற்றின் கீழ் அறைகள்,
அறைக்குள் தொட்டி, குழாய், ஜன்னல், கதவு,
கதவின் கீழ் மூன்று கீல், ஒரு பூட்டு.
பூட்டுக்குக் கீழே எதுவுமில்லை.

ஓல்டனின் பழைய மருத்துவமனையை
மார்ச்சில் இடிக்கப்போகிறார்கள்.
அதற்கு முன் கதவுகளைக் கழற்றி விற்க வேண்டுமாம்.
எத்தனை, என்ன அகலம், எந்த மரம்,
வெள்ளிக்குள் வேண்டும் என்றார் திருமதி ருக்ஸ்டூல்.

பதினொரு வரியில் நிரல் எழுதினேன்.
கணுவிடம் போ.
கதவென்றால் ஒன்றைக் கூட்டு.
பிள்ளைகள் உண்டா? ஒவ்வொன்றிடமும்
உன்னையே அனுப்பு.
இல்லையா, திரும்பி வா.
இத்தனை வருடம் எழுதியவற்றில்
எனக்குப் பிடித்த வரி அந்தத் திரும்பி வா.

முதல் ஓட்டத்தில் அது திரும்பவில்லை.
ஒவ்வொரு கதவுக்கும் தன் இரு பக்கமும் தெரியும்.
212இலிருந்து கதவு, கதவிலிருந்து 213,
213இலிருந்து அதே கதவு, மறுபடி 212.
பத்தாயிரம் தடவைக்கு மேல்
ஒரே நிலைப்படியைத் தாண்டித் தாண்டி
அடுக்கு நிரம்பிச் சரிந்தது.

கதவைத் தாண்டாதே என்று ஒரு வரி சேர்த்தேன்.
நாலு வினாடி. 2593.
கோப்பி ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு இலக்கத்தில் வந்து நிற்கும் எண்ணை
யாரும் சந்தேகிப்பதில்லை.

செலீனா சந்தேகித்தாள்.
பதினேழு வயது, தொழில் பழக வந்தவள்,
மூன்று நாளாக அங்கே நடந்து எண்ணுகிறாள்,
எண்ணிய கதவிலெல்லாம் மஞ்சள் பொட்டு ஒட்டி.
1318, என்றாள் தொலைபேசியில்.
பாதியை விட்டுவிட்டாய் என்றேன்.
அவள் மூச்சுவிடும் சத்தம், ஒரு கீல் கிறீச்சிடும் சத்தம்.
"நான் இப்போது உள்ளே நிற்கிறேன்.
இப்போது வெளியே.
கதவு ஒன்றுதான்."

ஒரு கதவு யாருடைய பிள்ளை?
அறை தன்னுடையது என்கிறது. தாழ்வாரமும் அப்படியே.
படுத்திருந்தவருக்கு அது வெளியே போகும் வழி,
தாதிக்கு உள்ளே வரும் வழி,
கீலுக்கு வெறும் கனம்.
நாங்கள் மரம் என்று பெயரிட்டது
ஒருநாளும் மரமாக இருந்ததில்லை.
நாற்பத்தொரு வெளிவாசல்களுக்கு மட்டுமே
ஒற்றைத் தாய்.

நிரலுக்கும் பொட்டு கொடுத்தேன்:
கண்ட கதவின் முகவரியைப் போட்டுவைக்க ஒரு பை.
பையில் இருந்தால் கூட்டாதே.
1317.

ஒன்று குறைகிறது.

ஆரே நதியிலிருந்து ஏறிய மூடுபனியில்
பேருந்துக்கு முகப்பு விளக்கு மட்டுமே இருந்தது.
செலீனா கீழே கூட்டிப்போனாள்.
நிலவறை, சலவை இயந்திரம் நின்ற இடம்,
அதன் பின்னால் பச்சை வண்ணம் பூசிய கதவு,
நடுவில் மஞ்சள் பொட்டு.
இழுத்தேன். ஒரு சாண் இருட்டு. அப்புறம் செங்கல்.

மடிக்கணினியைப் படியில் வைத்துத் தேடினேன்.
இருக்கிறது: எண் உண்டு, அகலம் எண்பது,
மூன்று கீல்கள் பிள்ளைகளாக.
தாய் என்ற இடம் காலி.
எந்தச் சுவரை எழுப்பியபோதோ
யாரோ அந்த அறையை அழித்திருக்கிறார்கள்,
கதவை அழிக்க மறந்து.
வேரிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு
அது பிறக்கவேயில்லை.
நான் எத்தனை முறை ஓட்டினாலும்,
எவ்வளவு ஆழம் போனாலும்.

அறிக்கையில் 1317 என்று எழுதி
பக்கத்தில் கையால் ஒன்றைக் கூட்டினேன்.
அகலம் நிரப்பினேன், உயரம் நிரப்பினேன்.
எந்த மரம் என்ற கட்டத்தில் விரல் நின்றது.

செலீனா நகத்தால் பச்சையைச் சுரண்டினாள்,
கைவிளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.
"ஓக்," என்றாள். "எழுதுங்கள்."